கொடிக்காரனும் அரை அட்டை மாத்திரையும்

இது சரித்திரப் பயணம் என்று ஜகதீசன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், புனேயில் இருக்கும் மகள் சௌம்யாவிடம் இரண்டு முறை சொன்னார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நில அளவைக் குழு ஒன்று மைசூரிலிருந்து கிளம்பி, கொள்ளேகால், ஹனூர் வழியாக மாதேஸ்வர மலை வரைக்கும் குன்று குன்றாக ஏறி அளந்துகொண்டே போயிருக்கிறது. அவர்கள் போன வழியிலேயே காரில் நிதானமாகப் போய்ப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான் என்றார்.

"போகிறோம்னா யார் யாருப்பா?" என்று சௌம்யா கேட்டாள்.

"மெடிக்கல் ஷாப் மேடம் வர்றாங்க. கார் அவங்களுது. கொள்ளேகால்ல அவங்க அக்காவும் ஏறிப்பாங்க."

"அப்பா, இந்தத் தடவையாவது கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

ஆக, சரித்திரம் எந்த அளவுக்குச் சரித்திரம் என்பது புனே வரைக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது போல இருந்தவர் ஜகதீசன் ஒருவர்தான். அறுபத்தொரு வயது. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகனும் ரயில்வேயிலேயே சேர்ந்து, கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றார். மனைவி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தத் துக்கத்தோடு ரத்தக் கொதிப்பும் வந்தது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கப் போன இடம்தான் குவெம்புநகரில் உமாதேவியின் மருந்துக்கடை.

உமாதேவி கொள்ளேகால்காரி. புருஷன் கைக்குழந்தையோடு அவளை விட்டுப் போன பிறகு, பார்மசி படித்த படிப்பை வைத்துக்கொண்டு மைசூருக்கு வந்து கடை போட்டவள். மகன் கவின்ராஜை ஆளாக்கி, கோயம்புத்தூரில் வேலைக்கும் அனுப்பிவிட்டாள். இப்போது அந்த மகன் அங்கே வீடு கட்டி, கடையை மூடிவிட்டு வந்துவிடு என்று அம்மாவை நச்சரிக்கிறான். கடைக்கு வாடகை வாங்கும் கட்டடக்காரரும் கடையைத் தொடரப் போகிறீர்களா, காலி செய்யப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவள் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள். கேட்ட அன்று ஜகதீசனுக்கு இரவுச் சோறு இறங்கவில்லை. சனி, ஞாயிறு என்று இரண்டு நாள்தான் கையில் இருந்தது. அதற்குள் அவர் வாயைத் திறந்தாக வேண்டும்.

எட்டு வருஷமாகத் திறக்காத வாய் அது. மூன்று மாத மாத்திரையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஜகதீசன் ஒரே ஒரு அட்டை, பத்து மாத்திரை, அதற்கு மேல் வாங்கமாட்டார். பத்து நாளைக்கு ஒருமுறை கடைக்குப் போக ஒரு காரணம் வேண்டுமே. அதிலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. இரண்டு வருஷமாக அவருடைய மாத்திரை மட்டும் அந்தக் கடையில் சரியாகக் கிடைப்பதில்லை. "ஸ்டாக் கம்மிங்க சார், இப்ப அஞ்சு வெச்சுக்கங்க" என்று உமாதேவி கத்தரிக்கோலால் அட்டையைப் பாதியாக வெட்டிக் கொடுப்பாள். ஐந்தாம் நாள் மறுபடி போக வேண்டும். மருந்து கம்பெனிக்காரர்கள் வர வர மோசம் என்று ஜகதீசன் அவளுக்காகக் கம்பெனியைத் திட்டுவார். கொஞ்சம் முன்கூட்டியே ஆர்டர் போடுங்கள் மேடம் என்று யோசனையும் சொல்வார். அவள் தலையை ஆட்டிக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை உமாதேவி தன் சிவப்புக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஜகதீசனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாழ்நாள் முழுக்க வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு போனவர். முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது வேறொருவர் வேலை என்பது அவர் எண்ணம். பழைய பச்சைக் கொடியைக் கம்போடு எடுத்துக்கொண்டார். தேவராஜ மார்க்கெட் பக்கம் வாங்கிய முகம் பார்க்கும் இரண்டு வட்டக் கண்ணாடிகளைத் தனித்தனித் துணிப்பையில் போட்டு, ஒன்றில் "ஜ" என்றும் இன்னொன்றில் "உ" என்றும் எழுதி, பெரிய பையில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பும்போது வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பின்பக்கம் பார்த்தார்.

"பின்னால பெட்டி எதுவும் கழண்டுடலீங்களே சார்?" என்றாள் உமாதேவி.

"ஆயித்து மேடம், போலாம்" என்றார். சரி என்பதற்கும் முடிந்தது என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் அவருக்கு இந்த ஒரு கன்னடச் சொல்தான்.

நரசிபுரம் போகும் வழியெல்லாம் அவர் கேப்டன் புராணம் படித்தார். அளவைக் குழுவுக்குத் தலைவனாக வந்த அந்த வெள்ளைக்காரக் கேப்டன் எழுதி வைத்த பயணக் குறிப்பை ஜகதீசன் லைப்ரரியில் உட்கார்ந்து படித்திருந்தார். கேப்டனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை. மழை பிடிக்கவில்லை, மாடு பிடிக்கவில்லை, அட்டைப்பூச்சி பிடிக்கவில்லை, இந்த ஊர் அரிசி பிடிக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் புலம்பிக்கொண்டே மலையை அளந்திருக்கிறான்.

"இவ்வளவு சலிச்சுக்கறவன் எதுக்கு வந்தானாமா?" என்றாள் உமாதேவி.

"வேலை மேடம். நாங்க மட்டும் என்ன, ராத்திரி கூட்ஸ்ல ஆசைப்பட்டா போனோம்?"

நரசிபுரத்தில் ஆற்றங்கரைப் பக்கம் காரை நிறுத்தி டீ குடித்தார்கள். காற்று நன்றாக வந்தது. உமாதேவி காரில் சாய்ந்து நின்றுகொண்டு ஆற்றைப் பார்த்தாள். கடைக்கு வெளியே அவளை இப்படிப் பார்த்ததே இல்லை என்று ஜகதீசனுக்குத் தோன்றியது. கவுண்டருக்குப் பின்னால் பாதி ஆளைத்தான் எட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார். இதுதான் சமயம் என்று டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேடம், ஒரு விஷயம்."

"சொல்லுங்க சார்."

"இந்த ஆத்துலதான் கேப்டனோட மாடு ரெண்டு அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"அடப் பாவமே" என்றாள் அவள்.

அடுத்து, ரோட்டோரத்தில் கொய்யாப்பழம் விற்கிற இடத்தில் ஒரு சமயம் வந்தது. அங்கேயும் "மேடம், ஒரு விஷயம்" என்றார். அவள் பழத்தைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "கேப்டன் கொய்யாப்பழத்தப் பத்தி ஒண்ணுமே எழுதலை" என்றார். "அத விடுங்க, நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க, நல்லாருக்குது" என்று அவள் ஒரு பழத்தை நீட்டினாள். மூன்றாவது சமயம் கொள்ளேகாலுக்கு நாலு மைல் முன்னால், ஒரு பட்டுக்கடை விளம்பரப் பலகையில் கல்யாணப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அப்போது அவருக்கு நாக்கே எழவில்லை. தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அன்று ராத்திரி அவள் அக்கா வீட்டிலும் இவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜிலுமாகத் தங்கினார்கள். ஞாயிறு காலை அக்கா தேவம்மா காரில் ஏறினாள். ஏறியவள் தனியாக ஏறவில்லை. ஒரு டிபன் கேரியர், ஒரு கூடை, தண்ணீர்ச் செம்பு, பெயர் வெட்டிய பெரிய எவர்சில்வர் தட்டு, எல்லாம் கூடவே ஏறின. பின் சீட்டு நிறைந்துவிட்டது.

"தட்டு எதுக்குக்கா, இலையில சாப்டுக்கலாமே" என்றாள் உமாதேவி.

"எனக்கு என்ற தட்டுல உண்டாத்தான் உண்ட மாதிரி இருக்கும். நீ வண்டிய ஓட்டு கண்ணு" என்றாள் தேவம்மா.

ஹனூர் தாண்டியதும் மலைகள் கிட்டே வந்தன. ஜகதீசன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, அளவைக் குழு வேலை செய்த விதத்தைத் தேவம்மாவுக்கு விளக்கினார். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போகும்போது, பழைய குன்றின் மேல் கொடியோடு ஒரு ஆளை நிறுத்திவிட்டுப் போவார்களாம். புதுக் குன்றில் ஏறிக் கருவியை வைத்து, திரும்பி அந்தக் கொடியைப் பார்த்தால்தான் அளவு சேரும். பார்த்துவிட்டோம் என்று கண்ணாடியை வெயிலில் காட்டிப் பளிச்சென்று அடிப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கொடிக்காரன் இறங்கி வர வேண்டும். ஒரு முறை பனி மூடிக்கொண்டது. கொடியும் தெரியவில்லை, கண்ணாடிக்கு வெயிலும் இல்லை. கேப்டன் நாள்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து புலம்பியிருக்கிறான். பனி விலகியபோது கொடிக்காரன் அதே இடத்தில் அப்படியே நின்றிருக்கிறான். யாரும் இறங்கச் சொல்லாததால் நின்ற முட்டாள் என்று கேப்டன் எழுதியிருக்கிறான். அவன் பெயரைக்கூட எழுதவில்லை.

"அத்தன நாளும் சோத்துக்கு என்ன பண்ணுனானுங் தம்பி?" என்றாள் தேவம்மா.

"அதப் பத்தி எழுதலைக்கா."

"அப்பறம் என்னத்த எழுதுனான் அவன்" என்று கேப்டனை அவள் அதோடு தள்ளுபடி செய்துவிட்டாள்.

ஜகதீசனுக்கோ அந்தப் பெயரில்லாத ஆளின் மேல் தனிப் பிரியம். ரயில்வேயிலும் இதேதான் சட்டம். ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பினால் கார்டு பின்னாலிருந்து பச்சைக் கொடி காட்ட வேண்டும், டிரைவர் முன்னாலிருந்து பதிலுக்குக் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வண்டி மேலே போகும். முகம் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. அவர் வாழ்க்கையில் முக்கியமான எல்லாப் பேச்சும் கொடியில்தான் நடந்திருக்கிறது. வாயால் பேசிப் பழக்கமில்லாதது அவருடைய குற்றமா என்ன?

கௌதள்ளி தாண்டி, மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் ஒரு மொட்டைப் பாறை. சின்ன மாதேஸ்வரர் சன்னதி ஒன்று அடியில் இருந்தது. கேப்டன் ஏறிய குன்று இதுதான் என்பதற்கு ஜகதீசனைத் தவிர வேறு சாட்சி இல்லை. இங்கேதான் அதே முறையைப் பரீட்சித்துப் பார்ப்பதாகத் திட்டம். அவர் பாறை மேல் கொடிக்காரனாக நிற்பார். அக்காவும் தங்கையும் காரில் மேலே போவார்கள். மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் கார் நிறுத்த இடம் இருக்கிறது. அங்கிருந்து இந்தப் பாறை தெரியும். கொடியைப் பார்த்ததும் கண்ணாடி அடிக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து அவரை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஜகதீசன் இறங்கினார். பையைத் தோளில் மாட்டினார். கொடிக்கம்பை ஊன்றிக்கொண்டார். உமாதேவி கியரைப் போட்டாள். அந்த நேரத்தில், யார் பிடித்துத் தள்ளினார்களோ, அவர் ஜன்னலுக்குள் தலையை விட்டார்.

"மேடம். கோயம்புத்தூர் போகாதீங்க. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பின் சீட்டில் எதையோ மென்றுகொண்டிருந்த தேவம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

"இப்பச் சொல்ல வேண்டாம்" என்று ஜகதீசன் மூச்சு விடாமல் தொடர்ந்தார். "மேல போய் யோசிங்க. சம்மதம்னா அங்கேர்ந்து கண்ணாடி காட்டுங்க. இல்லேன்னா காட்ட வேண்டாம். நான் புரிஞ்சுப்பேன். திரும்பிப் போறப்ப நாம கேப்டனப் பத்திப் பேசிட்டே போயிடலாம். ஆயித்து, கிளம்புங்க."

உமாதேவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா, சிரிப்பா, ஆச்சரியமா, எதில் சேர்ப்பது என்று தெரியாத பார்வை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாறை மேல் ஏறி முடிப்பதற்குள் ஜகதீசனுக்கு முட்டி இரண்டும் வலித்தன. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. கேட்டாயிற்று. எட்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது. கொடியை ஒரு வெடிப்பில் செருகிவிட்டு, தன் கண்ணாடியை எடுக்கப் பையைத் திறந்தார். "ஜ" இருந்தது. அதன் அடியில் "உ"வும் இருந்தது.

இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவர் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை கவனமாகப் பெயர் எழுதி, அத்தனை கவனமாகப் பையில் போட்டு, அவள் கையில் கொடுப்பதை மட்டும் மறந்திருக்கிறார். கண்ணாடி காட்டச் சொல்லியாயிற்று. கண்ணாடியைத் தானே வைத்துக்கொண்டாயிற்று. உலகத்தில் எந்த மடையனும் பெண் கேட்டு இப்படிச் செய்திருக்கமாட்டான் என்று தன்னைத் திட்டிக்கொண்டார். ஃபோனை எடுத்தார். டவர் இல்லை. பாறையின் நாலு மூலைக்கும் போய் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். எங்கேயும் இல்லை.

கீழே சன்னதியில் கற்பூரம் ஏற்ற வந்த ஒரு குடும்பம் அண்ணாந்து பார்த்தது. "ஏன் சார், யாருக்குச் சிக்னல்?" என்று அந்த வீட்டுக்காரர் கன்னடத்தில் கேட்டார். "சர்வே" என்றார் ஜகதீசன். வேறு என்ன சொல்வது?

வளைவில் கார் போய் நின்றது சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அவர் கொடியைப் பிடுங்கி, விறைப்பாக நின்று, முறைப்படி ஆட்டினார். பதில் வராது என்று தெரியும். வராததற்குக் காரணம் கண்ணாடி இல்லாததா, சம்மதம் இல்லாததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவள் காரில் கண்ணாடியைத் தேடுவாளா, அல்லது நல்லவேளை என்று விட்டுவிடுவாளா? பனியில் நின்ற அந்தக் கொடிக்காரனுக்குக்கூட இந்தச் சிக்கல் இல்லை. அவனுக்குப் பனி மட்டும்தான்.

அப்போது வளைவில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது.

ஜகதீசன் கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தார். மறுபடி அடித்தது. கார் நிற்கும் அதே இடம். பிறகு இன்னொன்று, நீளமாக. சந்தேகமே இல்லை. எதையோ கண்டுபிடித்துக் காட்டுகிறாள். கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, மனசிருந்தால் வழி இல்லாமலா போகும்? அவர் பச்சைக் கொடியைத் தலைக்கு மேல் சுழற்றினார். சர்வீஸில் ஒருநாளும் அப்படிச் சுழற்றியதில்லை. மேலதிகாரிகள் பார்த்திருந்தால் சார்ஜ் ஷீட் கொடுத்திருப்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே இருந்த குடும்பத்தில் ஒரு குழந்தை கைதட்டியது. கற்பூரம் ஏற்ற வந்தவர்களுக்கு வணக்கம் வேறு போட்டார்.

கார் திரும்பி வருவதற்குள் அவர் பாறையை விட்டு இறங்கி, முகம் கழுவி, தலை சீவி, கொடியைச் சுருட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் மாப்பிள்ளைபோல நின்றார். கார் வந்து நின்றது. உமாதேவியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தேன்" என்றார் ஜகதீசன். "நல்லாத் தெரிஞ்சுது. மூணு நாலு தடவ."

"என்னத்தப் பாத்தீங்க?"

"நீங்க காட்டுனதத்தான்."

உமாதேவி புருவத்தைச் சுருக்கினாள். "நான் எங்க காட்டுனேன்? கண்ணாடியத் தேடி வண்டியவே கொட்டிக் கவுத்துட்டேன். சீட்டுக்கு அடியில, டிக்கியில, அக்கா கூடையில, எங்கியும் இல்ல."

பின் சீட்டிலிருந்து தேவம்மா தலையை நீட்டினாள். "இவ அங்க பொட்டி பொட்டியாத் தேடிட்டிருந்தா. எனக்குப் பசி தாங்கலீங் தம்பி. எலுமிச்சஞ்சோறு கொஞ்சம் உண்டுட்டு, தட்டக் கழுவி வெயில்ல காட்டித் தொடச்சனுங். ஏனுங், அது இங்க வரைக்குமா தெரிஞ்சுது?"

அவள் எவர்சில்வர் தட்டைப் பெருமையோடு தூக்கிக் காட்டினாள். அதில் சூரியன் பளிச்சென்று அடித்து ஜகதீசனின் கண்ணைக் கூசவைத்தது.

அவர் கொடியைக் கீழே வைத்தார். சன்னதிப் படியில் போய் உட்கார்ந்தார். எலுமிச்சஞ்சோற்றுத் தட்டுக்கா அவ்வளவு கொடி ஆட்டினோம்? வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது. அதைவிட, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கையில் இருந்தது இப்போது இல்லை என்பது வலித்தது. கேட்காமலே இருந்திருந்தால், கடையை மூடும் வரைக்குமாவது அதே ஐந்து நாளைக்கு ஒருமுறை வாசலில் போய் நின்றிருக்கலாம்.

உமாதேவி காரை ஓரம்கட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "கண்ணாடி எங்கீங்க சார்?"

அவர் பையைத் திறந்து இரண்டையும் எடுத்து மடியில் வைத்தார். அவள் "உ" எழுதிய துணிப்பையை எடுத்துப் பார்த்தாள். அதைப் பார்த்த தேவம்மா, "நான் சாமி கும்புட்டுட்டு வர்றேன், மெதுவாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுச் சன்னதியை நோக்கிப் போனாள்.

"மறந்துட்டேன்" என்றார் ஜகதீசன். "தயவுசெஞ்சு நம்புங்க. வேணும்னு பண்ணலை."

"வேணும்னு பண்ணலீங்க. பயத்துல பண்ணுனீங்க. வாயாலதான் கேட்டீங்க, அதுவரைக்கும் சந்தோஷம். பதில மட்டும் ரெண்டு மலைக்கு அக்கட்டால இருந்து சொல்லச் சொன்னீங்க. பக்கத்துல நின்னு நான் சொன்னா என்ன, கடிச்சா வெச்சுருவேன்?"

ஜகதீசன் தலை குனிந்துகொண்டார். இதற்கு ஆயித்து என்றுகூடச் சொல்ல முடியாது.

"கண்ணாடியில பளிச்சுன்னு காட்டுனா உங்களுக்குப் புரிஞ்சிருமா?" அவள் விடுவதாக இல்லை. "ரெண்டு வருஷமா நான் காட்டிட்டிருக்கறது புரியல, இது மட்டும் புரிஞ்சிருமாக்கும்."

"நீங்க என்ன காட்டுனீங்க?"

"உங்க மாத்திரைய வெட்டி வெட்டி அஞ்சு அஞ்சாக் குடுத்தனே, அது என்னன்னு நெனச்சீங்க?"

"ஸ்டாக் கம்மின்னு."

"சார், எங்க கடையில எப்பவாவது ஏதாவது ஸ்டாக் இல்லாமப் போயிருக்குதா? உங்க பக்கத்து வீட்டு உதயகுமாருக்கு அதே மாத்திரை. மாசா மாசம் மூணு அட்டை முழுசா வாங்கிட்டுப் போறார். கேட்டுப் பாருங்க."

ஜகதீசன் அவளை அண்ணாந்து பார்த்தார். கத்தரிக்கோல், பாதி அட்டை, அவள் தலையாட்டல், முன்கூட்டியே ஆர்டர் போடச் சொல்லித் தான் கொடுத்த யோசனை, கம்பெனிக்காரர்களுக்கு விழுந்த திட்டு, எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. பத்து நாளைக்கு ஒருமுறை போதாது என்று ஒருத்தி ஐந்தாக வெட்டியிருக்கிறாள். இரண்டு வருஷமாக முன்னாலிருந்து கொடி ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் கார்டாக இருந்தவர் அதைப் பார்க்கவே இல்லை.

"திங்கக்கிழமை கட்டடக்காரருக்கு..." என்று இழுத்தார்.

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன், காலி பண்ணலைன்னு. கவினும் ஒத்துக்கிட்டான்."

"அப்ப நேத்திக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"ஆத்தங்கரையில கேப்பீங்கன்னு பாத்தேன், மாட்டப் பத்திச் சொன்னீங்க. கொய்யாக் கடையில கேப்பீங்கன்னு பாத்தேன். சரி, மலை வரைக்கும் போயித்தான் பாக்கலாம்னு வண்டிய ஓட்டுனேன்." அவள் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சட்டென்று கடைக்காரியாகி, "காலையில மாத்திரை சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. நேற்றோடு ஐந்தும் தீர்ந்துபோயிருந்தன. கேப்டனுக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்தவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

உமாதேவி தன் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். ஜகதீசன் வாங்கிப் பார்த்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. வெட்டாத முழு அட்டை, பத்தும் இருந்தன. அவர் முகம் வாடிவிட்டது.

"முழுசாக் குடுத்துட்டீங்களே" என்றார் மெதுவாக. "அப்ப அஞ்சு நாளைக்கு ஒரு தடவ நான் கடைக்கு வர வேண்டாமா?"

"எதுக்கு வரணும்?" என்றாள் உமாதேவி. "கடையச் சாத்திட்டு நான்தான் வீட்டுக்கு வருவேனே."